பாலியல் குற்றவாளிகள் பட்டியலை ஊரறிய வெளியிட்டால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், வீட்டு முகவரி எல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறதாமே? அது எப்படி நடக்கிறது, சிறையிலிருந்து வந்தவர் அப்புறம் எப்படி வாழ்கிறார், இதனால் குழந்தைகளுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு கூடுகிறதா, இந்தியாவிலும் இப்படிச் செய்யலாமா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். போலீஸ் கையில் இருக்கும் பதிவேடு வேறு, ஊர் முழுக்கப் பார்க்கும் இணையப் பட்டியல் வேறு. இந்த விவாதத்தில் பாதிச் சண்டை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது. போலீஸ் பதிவேட்டுக்குப் பயன் உண்டு என்றே நினைக்கிறேன். இணையப் பட்டியல், எனக்குத் தெரிந்த ஆய்வுகளின்படி, சொன்ன வேலையைச் செய்யவில்லை. சில இடங்களில் நேர்மாறாகவும் போயிருக்கிறது.

கலிபோர்னியா மாநிலம் 1947இலேயே பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அது போலீஸுக்கு மட்டும். அதில் ஏற்றப்பட்டவர்களில் தன்பாலின உறவுக்காகப் பிடிபட்ட ஆண்களும் உண்டு, அது தனிக்கதை. இன்றைய வடிவம் வந்தது 1990களில். 1989இல் மின்னசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவனை, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், முகமூடி போட்ட ஒருவன் கடத்திப்போனான். அந்தப் பையன் பெயரில் 1994இல் மத்திய சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநிலமும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நியூஜெர்சியில் 7 வயது மேகன் கான்காவை எதிர்வீட்டுக்காரன் கொன்றான். அவன் சிறுமிகளைத் தொட்டதற்காக ஏற்கெனவே தண்டனை பெற்றவன். "எங்களுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டோமே" என்ற பெற்றோரின் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? 1996இல் மேகன் சட்டம் நாடு முழுக்க வந்தது. தகவலை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது கட்டாயமானது. 2006இல் ஆடம் வால்ஷ் சட்டம் எல்லாவற்றையும் இன்னும் இறுக்கியது.

ஜேக்கப் வழக்கின் முடிவையும் சொல்ல வேண்டும். 27 ஆண்டு கழித்து, 2016இல், கொன்றவன் ஒப்புக்கொண்டு உடல் கிடந்த இடத்தைக் காட்டினான். கடத்தல் நடந்த சில மாதங்களிலேயே போலீஸ் விசாரித்துவிட்டு விட்ட ஆள் அவன்.

சரி, நடைமுறை எப்படி? 2006 சட்டம் குற்றங்களை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலைக்கு 15 ஆண்டு, வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து பதிவு. இரண்டாவதுக்கு 25 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மூன்றாவதுக்கு ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வீடு, வேலை, படிக்கும் இடம், வண்டி எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் கொடுக்க வேண்டும். வீடோ வேலையோ மாறினால் மூன்று வேலை நாளுக்குள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வெளிநாடு போவதானால் 21 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான குற்றத்துக்காகப் பதிவில் இருப்பவரின் பாஸ்போர்ட்டில் அதைக் குறிக்கும் வாசகம் அச்சிடப்படும். இது 2016ஆம் ஆண்டுச் சட்டம். இதில் எதையாவது தெரிந்தே தவறவிட்டால், மத்தியச் சட்டத்தின்படி மட்டுமே 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். எல்லா மாநிலங்களும் இதை அப்படியே ஏற்கவில்லை. சில மாநிலங்கள் தங்கள் முறையையே வைத்திருக்கின்றன.

கவனிக்க வேண்டியது, இந்த மூன்று நிலையும் எந்தப் பிரிவில் தண்டனை என்பதை வைத்துத்தான் முடிவாகிறது. எதிரே நிற்கும் இந்த மனிதர் மறுபடி தப்புச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று யாரும் மதிப்பிடுவதில்லை. அதனால் பல பெண்களைச் சீரழித்தவனும், 19 வயதில் தன் 15 வயதுக் காதலியோடு இருந்தவனும் சில மாநிலங்களில் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரிப் படத்தோடு இருப்பார்கள். 2006இல் மெயின் மாநிலத்தில் ஓர் இளைஞன் பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்து, வீடு தேடிப் போய் இரண்டு பேரைச் சுட்டுக்கொன்றான். செத்தவர்களில் ஒருவருக்கு வயது 24. 16 நிறைய இன்னும் சில வாரமே இருந்த காதலியோடு, தன் 19ஆம் வயதில் உறவு வைத்ததுதான் அவர் செய்த குற்றம்.

வெளியே வந்த மனிதர் முதலில் மோதுவது வீட்டுப் பிரச்சினையோடு. பள்ளி, பூங்கா, குழந்தைகள் காப்பகம் இவற்றிலிருந்து 1,000 அடி, 2,000 அடி, சில ஊர்களில் 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று மாநிலங்களும் நகரங்களும் விதி போட்டன. காகிதத்தில் நியாயமாகத் தெரியும் விதி. வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் வட்டம் போட்டுப் பார்த்தால் ஊரே மூடிவிடுகிறது. மயாமியில் அதுதான் நடந்தது. ஜூலியா டட்டில் என்ற கடல்பாலத்தின் அடியில் 2006 வாக்கில் சிலர் தங்க ஆரம்பித்தார்கள். வேறு எங்கும் விதிப்படி இடமில்லை என்பதால் கண்காணிப்பு அதிகாரிகளே அங்கே போகச் சொன்னார்கள். இரவில் வந்து ஆள் இருக்கிறாரா என்று சரியும் பார்த்தார்கள். கண்காணிப்புக் கருவிக்கு சார்ஜ் போட ஜெனரேட்டர் இருந்தது, படுக்கக் கூடாரம் இருந்தது, கழிப்பறை மட்டும் கிடையாது. பல பத்துப் பேர் அப்படி வாழ்ந்தார்கள். நாட்டுக்கே அவமானமாகி 2010இல் அந்த இடத்தைக் காலி செய்தார்கள். விதி மட்டும் அப்படியே நின்றது.

இதே கேள்வி கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு 2015இல் வந்தது. சான்டியாகோ மாவட்டத்தில் பரோலில் வந்தவர்கள் மீது 2,000 அடி விதியை ஆள் பார்க்காமல் மொத்தமாகப் போட்டது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே எடுபட்ட காரணம் குற்றவாளி மேல் இரக்கம் இல்லை. வீடில்லாமல் தெருவில் அலைகிறவரைக் கண்காணிப்பது போலீஸுக்கே கடினம், ஆக இந்த விதி பொதுமக்களின் பாதுகாப்பைத்தான் குறைக்கிறது என்றது தீர்ப்பு. இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே தெளிவான வாதம் அது.

வாடகைக்கு வீடு கேட்டால், வீட்டு உரிமையாளர் இணையத்தில் இவர் பெயரைத் தேடிப் பார்ப்பார், முடிந்தது. ஆயுள் பதிவில் இருப்பவருக்கு மத்திய அரசின் மானிய வீடும் கிடையாது. வேலைக்கும் அதே கதை. சில மாநிலங்களில் வேலை செய்யும் இடத்தின் முகவரியும் பட்டியலில் வந்துவிடும், எந்த முதலாளி அதை விரும்புவார்? ஜார்ஜியாவில் ஒரு மாவட்டத்தில் 2018இல், பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் சமயத்தில், ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ் தலைவர்) ஆட்களே இவர்கள் வீட்டு வாசலில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். அது அரசமைப்புக்கு எதிரானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் சொன்னது. வட கரோலினா, பதிவில் இருப்பவர் சமூக ஊடகத்தைத் தொட்டாலே குற்றம் என்று சட்டம் போட்டிருந்தது. போக்குவரத்து அபராதம் தள்ளுபடியானதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி ஃபேஸ்புக்கில் எழுதியவர் மேல் வழக்குப் பாய்ந்தது. 2017இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது.

அவரோடு கூட இருப்பவர்களின் பாடு பேசப்படுவதே இல்லை. மனைவி, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். முகவரி அவர்களுடையதும்தானே. அதைவிட மோசம், குற்றம் வீட்டுக்குள் நடந்திருந்தால் பட்டியலில் தகப்பன் பெயரோடு குற்றத்தின் தன்மையையும் பாதிக்கப்பட்டவரின் வயதையும் படிக்கிற அக்கம்பக்கம் அந்தப் பெண் யார் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். யாரைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டமோ அவளையே அடையாளம் காட்டிவிடுகிறது.

இவ்வளவையும் நீதிமன்றம் எப்படி அனுமதித்தது? 2003இல் அலாஸ்கா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில், பதிவேடு தண்டனையே இல்லை, வெறும் நிர்வாக ஏற்பாடு என்றது. தண்டனை இல்லை என்பதால், சட்டம் வருவதற்கு முன்பே தண்டனையை அனுபவித்து முடித்தவர் மேலும் முன்தேதியிட்டுப் போடலாம். அந்தத் தீர்ப்பு, இந்தக் குற்றவாளிகள் மறுபடி செய்யும் ஆபத்து 'அச்சமூட்டும் அளவு உயர்ந்தது' என்றது. முந்தைய ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்த சொல் அது. அங்கே சிகிச்சை பெறாதவர்கள் விஷயத்தில் 80 விழுக்காடு வரை என்று ஓர் எண்ணும் இருந்தது. அந்த 80 எங்கிருந்து வந்தது என்று 2015இல் ஒரு சட்டப் பேராசிரியரும் இன்னொருவரும் தேடிப் போனார்கள். அரசுக் கையேடு ஒன்றில் இருந்தது; கையேடு அதை 1986இல் ஒரு உளவியல் மாத இதழில் வந்த கட்டுரையிலிருந்து எடுத்திருந்தது. கட்டுரையாளர் சிறையில் சிகிச்சைத் திட்டம் நடத்தி வந்தவர். ஒரு வரியில், எந்தத் தரவும் காட்டாமல் எழுதியிருந்தார். பல லட்சம் பேர் வாழ்க்கையை முடிவு செய்த எண்ணுக்கு வேர் அவ்வளவுதான்.

உண்மையான எண்கள் என்ன? அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டு பின்தொடர்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. பாலியல் குற்றத்துக்காக உள்ளே இருந்தவர்களில் 7.7 விழுக்காட்டினர் மறுபடி பாலியல் வன்கொடுமைக்காகக் கைதானார்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, ஆபத்தே இல்லை' என்று சிலர் கொடி பிடிப்பார்கள். அதுவும் நேர்மை இல்லை. மற்றக் குற்றங்களுக்காக உள்ளே இருந்தவர்களில் பாலியல் வன்கொடுமைக்குக் கைதானவர்கள் 2.3 விழுக்காடுதான், அதாவது இவர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல். தவிர, கைது எண்ணிக்கை வேறு, நடந்த குற்றங்களின் எண்ணிக்கை வேறு. புகாருக்கே வராதவை ஏராளம். ஆனாலும் 80க்கும் 8க்கும் இடையில் இருக்கும் தூரத்தை, புகார் வராததை மட்டும் காட்டி நிரப்ப முடியாது.

காலமும் ஒரு கணக்கு. கனடாவைச் சேர்ந்த ஹான்சனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் 7,740 பேரின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். அதிக ஆபத்து என்று முத்திரை குத்தப்பட்டவர்களில்கூட, வெளியே வந்த முதல் ஐந்து ஆண்டில் 22 விழுக்காட்டினர் மறுபடி செய்தார்கள். பத்து ஆண்டு தப்பில்லாமல் கழித்தவர்களுக்கு அது 4.2 ஆக இறங்கியது. ஆபத்து ஆரம்ப ஆண்டுகளில்தான் குவிந்திருக்கிறது. ஆயுள் பதிவேடு 70 வயதுக் கிழவரையும் நேற்று விடுதலையானவரையும் ஒரே வேகத்தில் துரத்துகிறது. போலீஸின் நேரமும் ஆளும் அளவுதானே? முதல் ஐந்து ஆண்டுக்குச் செலவிட வேண்டியதை முப்பது ஆண்டுக்குப் பரப்பி மெலிதாக்குகிறோம்.

இன்னொன்று. நியூயார்க் மாநிலத்தில் 21 ஆண்டுக் கைதுகளை ஆராய்ந்தபோது, பாலியல் குற்றத்துக்குக் கைதானவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு அதற்கு முன் பாலியல் குற்றத் தண்டனையே கிடையாது. பட்டியலில் இருந்திருக்கவே முடியாதவர்கள். சிறுவர் சிறுமியருக்கு எதிரான குற்றங்களில் 93 விழுக்காடு, குடும்பத்தாரோ தெரிந்தவரோ செய்தது என்று அமெரிக்க அரசின் 2000ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மாமா, மாற்றாந்தந்தை, பயிற்சியாளர், போதகர், பக்கத்து வீட்டு அண்ணன். இணையத்தில் மூன்றாவது தெருவில் இருக்கும் முகத்தைப் பார்த்துப் பயப்படும் அம்மாவுக்கு, சோபாவில் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பற்றி அந்தப் பட்டியல் எதுவும் சொல்லாது.

பொருளாதார ஆய்வாளர்கள் பிரெஸ்காட்டும் ராக்காஃபும் 2011இல் வெளியிட்ட ஆய்வுதான் என் கருத்தை முடிவு செய்தது. 15 மாநிலங்களின் தரவு. போலீஸிடம் பதிவு செய்யும் முறை, மறுகுற்றத்தைக் குறைத்ததாகத் தெரிகிறது. ஊருக்கு அறிவிக்கும் முறை, ஏற்கெனவே பதிவில் இருப்பவர்களின் மறுகுற்றத்தைக் கூட்டியிருக்கலாம் என்கிறது. புதிதாகச் செய்ய நினைப்பவரை அது கொஞ்சம் பயமுறுத்தவும் கூடும் என்றும் சேர்த்தே சொல்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் முதல் பாதி யோசித்தால் புரியும். வீடு, வேலை, பேச நாலு பேர் இருப்பவருக்கு இழக்க ஏதோ இருக்கிறது. எல்லாம் போனவருக்கு மறுபடி சிறை போனால் என்ன என்ற எண்ணம் வருவது எளிது. தூர விதியின் பலனை மின்னசோட்டா சிறைத்துறை 2007இல் தனியாகச் சோதித்தது. மறுபடி செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பள்ளிக்கு இத்தனை அடி என்ற விதி இருந்திருந்தால் இவற்றில் எத்தனை தடுக்கப்பட்டிருக்கும்? ஒன்றுகூட இல்லை. ஜேக்கபின் அம்மா பேட்டி (Patty) வெட்டர்லிங், மகன் பெயரில் சட்டம் வரப் போராடியவர், பின்னாளில் இந்தச் சட்டங்கள் எல்லை மீறிப்போனதாக வெளிப்படையாகவே பேசினார்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டனில் 1997 முதல் பதிவேடு உண்டு, ஆனால் அது போலீஸிடம்தான். 30 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் காலவரையின்றிப் பதிவு. மறுபரிசீலனையே இல்லாத ஆயுள் பதிவு மனித உரிமைக்குப் பொருந்தாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன பிறகு, வயது வந்தவர் 15 ஆண்டு கழித்து, சிறுவயதில் குற்றம் செய்தவர் 8 ஆண்டு கழித்து, தன்னை மறுபடி பரிசீலிக்கக் கேட்கலாம். தன் பிள்ளையோடு பழகும் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பெற்றோர் போலீஸிடம் கேட்கலாம். ஆபத்து இருந்தால் அவர்களுக்கு மட்டும் சொல்வார்கள், ரகசியம் காக்க வேண்டும். மேகனின் பெற்றோர் கேட்ட கேள்விக்கு இது ஓரளவு நேரான பதில் என்று எனக்குப் படுகிறது. அமெரிக்காவிலும் காற்று மெல்லத் திரும்புகிறது: கலிபோர்னியா 2021 முதல் எல்லோருக்கும் ஆயுள் என்பதை விட்டு 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்று பிரித்திருக்கிறது.

கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994இல் தொடங்கிய இன்னொரு முறை எனக்குப் பிடித்தது. தண்டனை முழுவதையும் முடித்து, எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் வெளியே வந்த, ஊரே பயந்த ஒருவரைச் சுற்றி மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவரும் சில தன்னார்வலர்களும் சிறு குழுவாகச் சேர்ந்தார்கள். அடிக்கடி சந்திப்பார்கள், வீடு தேட உதவுவார்கள், அதே சமயம் எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். விதி மீறினால் அதிகாரிகளிடம் சொல்லவும் தயங்க மாட்டார்கள். மின்னசோட்டாவில் இதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு குழுக்களில் சோதித்தபோது, குழுவில் இருந்தவர்கள் மறுபடி பாலியல் குற்றத்துக்குக் கைதாகும் வாய்ப்பு 88 விழுக்காடு குறைந்தது. மொத்தம் 100 பேர் கொண்ட சிறிய ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம், திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இப்போதே பதிவேடு இருக்கிறது. 2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் தொடங்கியது, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நடத்துகிறது, தொடங்கும்போதே சுமார் 4.4 லட்சம் பதிவுகள். போலீஸும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்கலாம். அது அப்படியே இருக்கட்டும் என்பேன். இங்கேயும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான். பெயர் ஊரறியப் போகும் என்றால் 'குடும்ப மானம்' என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைப்பது இன்னும் கூடும், புகாரே வராது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தில் மாட்டும் பதின்பருவக் காதல் வழக்குகளும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இளைஞர்களைத் தண்டிக்க வந்ததல்ல இந்தச் சட்டம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. இணையப் பட்டியல் வந்தால் முதலில் ஏறும் படங்களில் அந்தப் பையன்களுடையதும் இருக்கும்.

பெற்றோராக இன்றே பயன்படுத்தக்கூடியது வேறொன்று. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் ஊழியர்களைப் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் போன்றவை போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும். ஒரு முறை இல்லை, அவ்வப்போது. அரசுப் பதிவேடு போலீஸிடம் இருப்பதன் பயன் இந்த இடத்தில்தான் வேலை செய்யும். உங்கள் பிள்ளை போகும் இடத்தில் வண்டி ஓட்டுநர், காவலாளி, நீச்சல் பயிற்சியாளர் வரை கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.